'ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு'ன்னு ஃபார்வர்டு வருதா? கீழாநெல்லி முதல் கபசுரம் வரை... நீங்க கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை ஒரு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவுல ஒரு மெசேஜ் கண்டிப்பா இருக்கும். 'சர்க்கரையை 48 நாள்ல விரட்டும் அதிசய மூலிகை... விஞ்ஞானிகளே வியந்தனர்!' மாமா அனுப்பியிருப்பார். சித்தி கீழே ரெண்டு கும்பிடு போட்டிருப்பாங்க. நீங்க மியூட்ல இருப்பீங்க.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஏரியாக்காரங்களுக்கு இந்த மேட்டர் இன்னும் நெருக்கம். கண்ணைத் திறந்தா மேற்குத் தொடர்ச்சி மலை. அமாவாசை, பௌர்ணமின்னா வத்திராயிருப்பு வழியா தாணிப்பாறை போய், அங்கிருந்து சதுரகிரி ஏறுற கூட்டம். 'சித்தர்கள் வாழ்ற மலை, அங்க இல்லாத மூலிகையே இல்லை'ன்னு கேட்டுத்தான் இந்த ஊர்ப் பசங்க வளர்றாங்க. அதனால 'சதுரகிரி மூலிகை'ன்னு ஒரு வார்த்தை சேர்ந்தாலே, மெசேஜுக்குத் தனி மரியாதை வந்துடுது.

பிரச்னை மூலிகையில இல்லை. அந்த மெசேஜை நம்பி அப்பா மெட்ஃபார்மினை நிறுத்திட்டா என்ன ஆகும்ங்கிறதுதான் பிரச்னை. சர்க்கரை ஏறுறது வெளியே தெரியாது. தெரியும்போது கண்ணோ, கிட்னியோ, கால் புண்ணோ பேச ஆரம்பிச்சிருக்கும்.

அப்போ சித்த மருத்துவமே பொய்யா? அப்படியும் சொல்லிட முடியாது. இன்னிக்கு சித்த மருந்துகள் மேல லேப்லயும் மருத்துவமனையிலயும் நிஜமாவே ஆராய்ச்சி நடக்குது. ஆனா, 'ஆராய்ச்சி'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள பத்துவிதமான விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா போதும், பாதி ஃபார்வர்டு அங்கேயே காலி.

இப்போ என்ன நடக்குது?

சித்தாவுக்குன்னு தனியா மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2010-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி ஆயுர்வேதத்தோட சேர்ந்த ஒரே கவுன்சில். தாம்பரம் சானடோரியத்துல இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல திறக்கப்பட்டது. நம்ம பக்கம்னா, திருநெல்வேலி பஸ் ஏறினா பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி. அது 1964-லிருந்தே இருக்கு. சித்தாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2022-ல சட்டமன்றத்துல மசோதா நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் விவகாரத்துல சிக்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

உலக அளவுலயும் ஒரு மாற்றம். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2024 ஜனவரியில சித்தா, ஆயுர்வேதா, யுனானி நோய்ப் பெயர்களுக்குத் தனிக் குறியீடுகள் சேர்க்கப்பட்டன. 'உலக சுகாதார நிறுவனமே சித்தாவை அங்கீகரிச்சிடுச்சு'ன்னு இதையும் ஃபார்வர்டு பண்ணாங்க. உண்மையில அது மருந்து வேலை செய்யுதுங்கிற சர்டிஃபிகேட் இல்லை. எந்த நோய்க்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரே மாதிரி பதிவு பண்றதுக்கான ஏற்பாடு. ஆனாலும் முக்கியமானதுதான். ஏன்னா, பதிவே இல்லாம ஆராய்ச்சி இல்லை.

கீழாநெல்லி சொல்ற கதை

மஞ்சக்காமாலைன்னா நம்ம ஊர்ல முதல்ல வர்ற பேர் கீழாநெல்லி. இந்தச் செடி ஒரு காலத்துல உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது தெரியுமா?

1988. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் தலைமையிலான குழு, 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்புல சுமந்துட்டிருந்தவங்களுக்குக் கீழாநெல்லி வகை மருந்தை 30 நாள் கொடுத்தாங்க. மருந்து எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு, அதாவது 59 சதவிகிதம் பேருக்கு, ரத்தத்துல வைரஸோட மேற்புற ஆன்டிஜென் காணாமப் போச்சு. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்கு மட்டும்தான் அப்படி ஆச்சு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்கின பரூக் பிளம்பர்க்கே, அந்தச் சமயத்துல இதே செடி இனத்தை லேப்ல ஆராய்ஞ்சுட்டிருந்தார்னா பார்த்துக்கோங்க.

கதை இங்க முடிஞ்சிருந்தா சூப்பர். ஆனா, அறிவியல்ல ஒரு ரிசல்ட் வந்தா, அடுத்தவங்களும் அதைச் செஞ்சு பார்ப்பாங்க. தாய்லாந்துல செஞ்சாங்க. நியூசிலாந்துல செஞ்சாங்க. சென்னையில வந்த ரிசல்ட் அங்க வரலை. 2011-ல காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் ஒண்ணாச் சேர்த்து அலசினப்போ, டம்மி மாத்திரையைவிட இது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருதுன்னு நம்புற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

யாரும் ஏமாத்தினதா இதுக்கு அர்த்தம் இல்லை. அந்த 1988 கட்டுரையே தன்னை 'ஆரம்பகட்ட ஆய்வு'ன்னுதான் சொல்லிக்கிச்சு. ஆய்வுல இருந்தவங்க எண்ணிக்கை குறைவு. செடி எந்த மண்ல வளர்ந்தது, எப்போ பறிச்சது, எப்படிக் காய வச்சதுங்கிறதைப் பொறுத்தும் அதுல இருக்கிற வேதிப்பொருள் மாறும்.

அப்போ 'எங்க பாட்டி கொடுத்தாங்க, எனக்கு மஞ்சக்காமாலை சரியாச்சே'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. தண்ணி, சாப்பாடு மூலமா வர்ற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவங்களுக்கு சில வாரங்கள்ல தானாவே சரியாகிடும். கீழாநெல்லி குடிச்சாலும் சரியாகும், குடிக்காட்டியும் சரியாகும். ஆனா, ஹெபடைடிஸ் பி, பித்தப்பைக் கல், கல்லீரல் செயலிழப்புன்னு பல காரணங்களாலயும் கண்ணு மஞ்சளாகும். எதுன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணாம யாருக்கும் தெரியாது. அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடுறதுதான் உயிருக்கு உலை வைக்குது.

நிலவேம்பு: டெஸ்ட் டியூபும் டம்ளரும்

டெங்கு சீசன்ல பஸ் ஸ்டாண்ட்ல, ஸ்கூல்ல நிலவேம்புக் குடிநீர் குடிக்காதவங்க நம்ம தலைமுறையில யாராவது இருக்கோமா? நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகுன்னு 9 பொருள் சேர்ந்தது அது. 2017 டெங்கு நேரத்துல, முறையான ஆராய்ச்சி முடிவு வர்ற வரைக்கும் இதை விநியோகிக்க வேண்டாம்னு கமல்ஹாசன் தன் ரசிகர்களுக்கு ட்வீட் போட, பெரிய சண்டையே நடந்துச்சு.

அப்புறம் ஆராய்ச்சி வந்துச்சு. டெல்லியில இருக்கிற சர்வதேச மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையத்தோட விஞ்ஞானிகளும் சித்த மருத்துவ ஆய்வாளர்களும் சேர்ந்து செஞ்ச ஆய்வு, டெங்கு, சிக்குன்குனியா ரெண்டு வைரஸுக்கும் எதிரா நிலவேம்புக் குடிநீர்ச் சாறு வேலை செய்யுதுன்னு சொன்னது. நல்ல செய்திதான். ஆனா, ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

ஒண்ணு, அது லேப் தட்டுல வளர்த்த செல்கள்ல நடந்த சோதனை. மனுஷங்ககிட்ட இல்லை. நீங்க குடிக்கிற கஷாயம் வயித்துல செரிச்சு, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்துல கலந்து, வைரஸ் இருக்கிற இடத்துக்குப் போகணும். தட்டுல ஊத்தினா நேரா வைரஸ் மேலயே விழும்.

ரெண்டு, அவங்க சோதிச்சது எத்தனால்ல எடுத்த சாறு. நாம குடிக்கிறது தண்ணியில கொதிக்க வச்சது. எதுல எடுக்குறோம்ங்கிறதைப் பொறுத்து என்ன பொருள் வெளியே வரும்ங்கிறதே மாறிடும். இது சின்ன வித்தியாசம்னு நினைக்காதீங்க. சீன விஞ்ஞானி தூ யூயூ, பழைய மருத்துவ ஏட்டுல மலேரியாவுக்குச் சொல்லியிருந்த செடியை முதல்ல எடுத்தப்போ, பலன் சரியா கிடைக்கலை. அந்த ஏட்டைத் திரும்பப் படிச்சப்போதான் 'தண்ணியில ஊறவச்சுப் பிழி'ன்னு இருந்ததும், கொதிக்க வைக்கச் சொல்லலைங்கிறதும் கண்ணுல பட்டுச்சு. சூடு படாம ஈதர்ல எடுத்தாங்க, ஆர்ட்டிமிசினின் கிடைச்சது. 2015-ல நோபல் பரிசு!

பாட்டி வைத்தியத்துல உண்மை இருக்கலாம்ங்கிறதுக்கும், அதை ஏன் துல்லியமா சோதிக்கணும்ங்கிறதுக்கும் இந்த ஒரே கதை போதும்.

கபசுரமும் 60 பேரும்

கொரோனா நேரத்துல கபசுரக் குடிநீர் பாக்கெட்டுக்கு மெடிக்கல் ஷாப்ல க்யூ நின்னது மறக்குமா? 15 மூலிகை சேர்ந்த இந்தக் குடிநீரை மனுஷங்ககிட்டயே சோதிச்ச ஆய்வு ஒண்ணு 2021-ல 'ட்ரையல்ஸ்' இதழ்ல வந்தது. தமிழ்நாட்டுல கொரோனா பாசிட்டிவ் ஆன, ஆனா அறிகுறி இல்லாத 60 பேர். குலுக்கல் முறையில ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்குக் கபசுரம், இன்னொரு குழுவுக்கு வைட்டமின் சி-யும் ஜிங்க்கும். கபசுரம் குடிச்ச குழுவுக்கு வைரஸ் அளவு கூடுதலா குறைஞ்சதுன்னு முடிவு.

குலுக்கல், ஒப்பீட்டுக் குழு ரெண்டும் இருக்கு. நிலவேம்பு லேப் ஆய்வைவிட இது ஒரு படி மேல. ஆனா எல்லை எங்கன்னும் பாருங்க. 60 பேர் ரொம்பக் குறைவு. யாருக்கு எது கொடுக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அறிகுறியே இல்லாதவங்கள்ல பெரும்பாலானவங்க எப்படியும் தேறிடுவாங்க. அதனால, 'மூச்சுத் திணறி ஐ.சி.யூ-ல இருக்கிறவரைக் கபசுரம் காப்பாத்துமா?'ங்கிற கேள்விக்கு இந்த ஆய்வுல பதில் கிடையாது. அது அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனா, 'கொரோனாவைக் கபசுரம் குணப்படுத்தும்... நிரூபணம்!'னு தலைப்பு போட்டுட்டா, அந்த எல்லையெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?

2024-ல வந்த இன்னொரு செய்தி. வளரிளம் பெண்களோட ரத்தசோகைக்கு அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நாலையும் 45 நாள் கொடுத்தாங்க. 2,648 பேர்ல 2,300 பேர் முழுசா எடுத்து முடிச்சாங்க, ஹீமோகுளோபின் உயர்ந்ததுன்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. எண்ணிக்கை பெருசு, பிரச்னையும் நிஜமானது. அன்னபேதியில இரும்புச்சத்து இருக்கிறதால, இது வேலை செய்யுறதுல ஆச்சர்யமும் இல்லை. அடுத்து நாம கேட்க வேண்டியது: ஸ்கூல்ல கொடுக்கிற சாதாரண இரும்புச்சத்து மாத்திரையைவிட இது எவ்வளவு நல்லது? வயித்துவலி, மலச்சிக்கல் குறைவா இருக்கா? பதில் 'ஆமா'ன்னு வந்தா, மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டுப் போற பல பொண்ணுங்களுக்கு அது நிஜமாவே விடிவு.

கே-டிராமா நாட்டுல எப்படி?

கே-டிராமாவுல ஹீரோவுக்கு உடம்பு சரியில்லைன்னா கறுப்பா ஒரு கஷாயம் வருமே... அது அவங்க 'ஹன்பாங்'. 1613-ல அச்சான 'தொங்குயி போகம்'ங்கிற மருத்துவ நூல் இன்னிக்கும் அவங்களுக்கு அடிப்படை. யுனெஸ்கோ அதை 2009-ல உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்தது. நம்ம மாதிரியே பழம்பெருமை உண்டு. ஆனா, பெருமையோட நிறுத்தலை.

1994-ல பாரம்பர்ய மருத்துவத்துக்குன்னு தனி அரசு ஆராய்ச்சி நிறுவனம். 1987-லிருந்தே அக்குபங்சர் மாதிரியான சிகிச்சைகள் தேசிய மருத்துவக் காப்பீட்டுல இருக்கு. கையால எலும்பு, மூட்டைச் சரிபண்ற 'சூனா' சிகிச்சை 2019 ஏப்ரல்ல காப்பீட்டுக்குள்ள வந்தது. அதே சூனாவை, நாள்பட்ட கழுத்துவலி இருந்த 108 பேர்கிட்ட வழக்கமான சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ் ஒண்ணுல வந்தது. நம்ம வர்மம், தொக்கணத்துக்கு அப்படி ஒரு ஆய்வை யோசிச்சுப் பாருங்க!

அங்கயும் எல்லாம் சுமுகம் இல்லை. 2020-ல சில நோய்களுக்கான கஷாயத்தைச் சோதனை முறையில காப்பீட்டுக்குள்ள கொண்டு வந்தப்போ, 'பாதுகாப்புக்கு ஆதாரம் எங்கே?'ன்னு ஆங்கில மருத்துவர்கள் கொதிச்சாங்க. ஆனா ஒண்ணு, அரசுப் பணம் போகுதுன்னா ஆதாரம் கேட்பாங்க, ஆதாரம் கேட்டா ஆராய்ச்சி வளரும். இங்க டெங்கு வந்தா அண்டா அண்டாவா கஷாயம் காய்ச்சுறோம். அதைக் குடிச்சவங்க, குடிக்காதவங்க நிலைமையை வரிசையா எழுதி வச்சிருந்தாலே, இன்னிக்கு நம்ம கையில எவ்வளவு பெரிய தகவல் இருந்திருக்கும்!

சத்திரப்பட்டித் துணிக்கு ஒரு நியாயம்...

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகுது. 'எங்க தாத்தா காலத்துலேருந்து நெய்யுறோம்'னு சொன்னா வாங்குறவன் ஒத்துக்குவானா? எத்தனை இழை, எவ்வளவு ஈரம் உறிஞ்சும், கிருமி இருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் வாங்குவான். புண்ணு மேல கட்டுற துணிக்கே இந்தச் சோதனைன்னா, வயித்துக்குள்ள போற மருந்துக்கு வேண்டாமா?

இது சும்மா சொல்ற வார்த்தை இல்லை. அமெரிக்காவுல பாஸ்டன் பகுதிக் கடைகள்ல வித்த 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதிச்சப்போ, 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதோ ஒண்ணு இருந்ததுன்னு 2004-ல ஒரு ஆய்வு வந்தது. சித்தாவுலயும் பற்பம், செந்தூரம்னு உலோக மருந்துகள் உண்டு. முறைப்படி சுத்தி செஞ்சு, சரியான அளவுல, தகுதியான மருத்துவர் கொடுக்கிறது வேற. லேபிளே இல்லாத டப்பாவுல யாரோ கொரியர்ல அனுப்புறது வேற.

மலைக்குப் போய் நாமளே பறிச்சுட்டு வரலாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியிலிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். செடியைப் பிடுங்கறது சட்டப்படி குற்றம். தவிர, எந்தச் செடி எதுன்னு பார்த்தவுடனே சொல்லத் தெரிஞ்சவங்க அந்த மலையோடவே வாழ்ந்த பளியர் மக்கள். நமக்குத் தெரிஞ்சது கூகுள் லென்ஸ். அவங்க அறிவிலிருந்து ஒரு மருந்து வந்தா, லாபத்துல அவங்களுக்கும் பங்கு போகணும். 2002 பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்லுது. ஆராய்ச்சி பேசும்போது இந்தக் கேள்வியை மட்டும் வசதியா மறந்துடுறோம்.

சரி, என்ன கேட்கணும்?

அடுத்த தடவை 'நிரூபணம்'னு ஒரு மெசேஜ் வந்தா, இந்த அஞ்சையும் கேளுங்க.

1. யார்கிட்ட சோதிச்சாங்க? லேப் தட்டா, எலியா, மனுஷனா? தட்டுல ஜெயிச்சதுல பெரும்பாலானது மனுஷன்கிட்ட வந்ததும் தோத்துடும்.

2. எத்தனை பேர்? எதோட ஒப்பிட்டாங்க? ஒப்பீட்டுக் குழு இல்லைன்னா, தானா சரியாச்சா, மருந்தால சரியாச்சான்னு பிரிக்கவே முடியாது.

3. எது மாறுச்சு? ரத்த ரிப்போர்ட்ல ஒரு நம்பரா, இல்லை நோயாளியோட நிலைமையா?

4. வேற யாராவது திரும்பச் செஞ்சு பார்த்தாங்களா? கீழாநெல்லியை ஞாபகம் வச்சுக்கோங்க.

5. பதிவு பண்ணியிருக்காங்களா? இந்தியாவுல மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யுற தேசியப் பதிவேடு 2007-லிருந்து இருக்கு. சித்த மருந்துச் சோதனைகளும் அதுல உண்டு. உங்க போன்லயே இலவசமா தேடலாம்.

கூடவே ஒரு விஷயம். சர்க்கரை, புற்றுநோய் மாதிரியான நோய்களைக் குணப்படுத்துவோம்னு விளம்பரம் பண்றதையே 1954-ல வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்யுது. '48 நாள் கேரன்ட்டி'ன்னு ஒருத்தர் சொல்றார்னா, மருந்தைச் சோதிக்குறதுக்கு முன்னாடியே அவர் சட்டத்தை மீறிட்டார்.

சித்தா எடுக்கணும்னு வீட்ல ஆசைப்பட்டா தடுக்காதீங்க. அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பட்டம் படிச்ச மருத்துவர் இருப்பார், மருந்தும் இலவசம். போகும்போது ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. ஆங்கில மருத்துவர்கிட்டயும் 'இந்தச் சூரணம் சாப்பிடுறாங்க'ன்னு மறைக்காம சொல்லுங்க. சர்க்கரை மாத்திரையோட சர்க்கரையைக் குறைக்கிற சூரணமும் சேர்ந்தா, திடீர்னு சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா அளவைச் சரிபண்ணுவாங்க. முக்கியமா சர்க்கரை, பிரஷர், காசநோய் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்த விடாதீங்க.

அப்புறம் மாமாவுக்கு என்ன ரிப்ளை பண்றது? குரூப்ல சண்டை வேணாம். 'சூப்பர் மாமா, இதை எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்களாம்?'னு மட்டும் கேளுங்க. அவருக்குப் பதில் தெரியாது. ஆனா அடுத்த ஃபார்வர்டுக்கு முன்னாடி அவரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்.